உருளைக்கிழங்கு ரெயேனோ: முட்டை நுரை ஏன் கழன்றுபோகிறது?

மண்சட்டி
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மேரிலாந்தில் லாங்லி பார்க் பக்கம் குடியிருக்கிறேன். எதிர்வீட்டில் எல் சல்வடோர் நாட்டைச் சேர்ந்த அம்மா ஒருவர் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். அவர்கள் ஊரில் வயதான பெண்களை மரியாதையோடு "நீன்யா" என்று சொல்லித்தான் அழைப்பார்கள். சொல்லின் நேர்ப்பொருள் சிறுமி. நானும் அப்படியே அழைக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டிலிருந்து அவருக்கு இட்லியும் சாம்பாரும் போகும். அங்கிருந்து மூடி போட்ட கிண்ணத்தில் ரெயேனோ வரும்.

சாப்பிடாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேகவைத்த உருளைக்கிழங்கு வில்லைகள் இரண்டு, நடுவே பாலாடைக்கட்டி. அதை அடித்த முட்டை நுரையில் முக்கிப் பொரித்து, தக்காளிச் சாற்றில் கொஞ்ச நேரம் கொதிக்கவிடுவார்கள். "ரெயேனோ தே பாப்பா" என்பது முழுப்பெயர். அடைத்த உருளை என்று பொருள். சோற்றோடு சாப்பிடலாம், கனமான மக்காச்சோளத் தொர்த்தியா ரொட்டியோடும் சாப்பிடலாம்.

போன மாதம் நீன்யா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டு இன்னும் பிரிக்கவில்லை. முட்டை அடிக்க முடியாது, சட்டி தூக்க முடியாது. பிள்ளைகள் கடையில் வாங்கிக் கொடுப்பதைப் பாதி தின்று ஒதுக்கிவிடுகிறார். இந்த முறை நான் செய்துகொண்டு போகலாம் என்று முடிவு செய்தேன். செய்முறை கேட்டால் வாயால் சொல்கிறார். அளவு கேட்டால் நல்ல கையின் விரல்களைக் குவித்துக் காட்டுகிறார்.

இரண்டு முறை முயன்றேன், இரண்டும் கெட்டுவிட்டன. முதல் முறை எண்ணெயில் போட்டதும் முட்டை தனியே கழன்று மிதந்தது, உருளை அம்மணமாக அடியில் கிடந்தது. இரண்டாம் முறை ஒட்டிக்கொண்டது, ஆனால் ஆம்லெட் போலத் தட்டையாக, எண்ணெய் குடித்துக் கனத்துவிட்டது. நடுவில் வைத்த பனீரும் உருகவே இல்லை. எங்கே தவறுகிறேன்? செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அடுப்பங்கரை
ஞாயிறு, இரவு 10.25

மண்சட்டி, முட்டையை விட்டுத் தள்ளுங்கள். கிழங்கை வில்லையாக நறுக்கினால் எதுவும் ஒட்டாது. நன்றாக மசித்து, நடுவில் குழி செய்து பாலாடைக்கட்டியை வைத்து மூடி உருட்டுங்கள். கடலை மாவில் சிட்டிகை சமையல் சோடா போட்டுக் கரைத்து முக்கிப் பொரித்தால் ஒன்றுகூடக் கழலாது. முப்பது ஆண்டுகளாக உருளைக்கிழங்கு போண்டா போட்ட கை சொல்கிறது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. மொறுமொறுவென்று பொரித்தெடுத்ததை எதற்காகத் தக்காளிச் சாற்றில் போட்டு நமத்துப்போக விட வேண்டும்? சாற்றைத் தனியாகக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ளலாமே.

பசிபிக்கரை
திங்கள், காலை 7.10

அடுப்பங்கரை அக்கா, உங்கள் போண்டாவை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது வேறு பண்டம். மண்சட்டி கேட்பது கை முறிந்து படுத்திருக்கும் ஒருவருக்கு அவர் ஊர்ச் சாப்பாடு. கடலை மாவில் முக்கிக் கொடுத்தால் அந்த அம்மா அன்புக்காகச் சாப்பிடுவார், ஆனால் அவர் தேடுவது அதில் இருக்காது.

வேலை நிமித்தமாக சான் சல்வடோரில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். மதியச் சாப்பாடு தினமும் கொமெதோரில்தான். நம்மூர் மெஸ் போன்ற சிறிய சாப்பாட்டுக் கடை அது. கண்ணாடிக்குப் பின்னால் தட்டுகள் சூடாக இருக்கும், கை நீட்டிக் காட்டினால் எடுத்து வைப்பார்கள். ஒரு ரெயேனோ, கேரட் துண்டு போட்ட சோறு, சிறிது காய், இரண்டு தொர்த்தியா. அந்தத் தொர்த்தியா மெக்சிகோவுடையது போல மெல்லியதாக இருக்காது, கையால் தட்டிய அடை போல இருக்கும். 2001 முதல் அங்கே அமெரிக்க டாலர்தான் புழக்கத்தில் இருக்கிறது, ஆகவே விலையையும் டாலரிலேயே சொல்வார்கள்.

நமத்துப்போகிறதே என்ற கேள்விக்கு வருகிறேன். தயிர்வடையைக் கையில் எடுத்து "ஏன் மொறுமொறுப்பாக இல்லை" என்று நாம் கேட்பதில்லையே. உளுந்து வடையைப் பொரிப்பதே தயிரை உறிஞ்சத்தான். ரெயேனோவின் முட்டைப் போர்வைக்கும் அதே வேலைதான். அது நுரை, உள்ளே முழுக்கக் காற்று. சாற்றில் போட்டதும் அந்தக் காற்று இருந்த இடத்தில் தக்காளி ஏறுகிறது. வாயில் வைத்தால் முதலில் சாறு, பிறகு பஞ்சு போன்ற முட்டை, அடுத்து கிழங்கு, கடைசியில் இழுபடும் பாலாடைக்கட்டி. சாறு இல்லாமல் சாப்பிட்டால் பொரித்த முட்டையும் சப்பென்ற கிழங்கும்தான்.

நான் தினமும் சாப்பிட்ட கடையின் அம்மா செய்வதைப் பின்பக்கம் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். நான்கு நடுத்தர உருளைக்கிழங்குகளைத் தோலோடு உப்புநீரில் வேகவைப்பார். கத்தி நுழைய வேண்டும், ஆனால் கிழங்கு உடையக்கூடாது. ஆறவிட்டுத் தோலை உரித்து விரல் கனத்துக்குக் கொஞ்சம் குறைவாக வில்லை போடுவார். இரண்டு வில்லைக்கு நடுவே கெசியோ. அது இழுபடும் மென்மையான பாலாடைக்கட்டி, புபூசா என்ற மக்காச்சோள அடைக்குள் வைப்பதும் அதுதான். கிடைக்காவிட்டால் மொசரெல்லா போதும். பனீர் உருகவே உருகாது, சூட்டில் இன்னும் இறுகும், அதனால்தான் உங்களுக்கு அப்படி ஆனது. அடைத்த ஜோடியை மைதாவில் புரட்டி, தட்டி, மிகுதியை உதறிவிடுவார். நான்கு முட்டை. வெள்ளைக்கருவைத் தனியாக அடித்து, பிறகு மஞ்சள் கருவைச் சேர்ப்பார். கடைசியில் ஒரு கரண்டி மைதாவும் உப்பும்.

மைதாவில் புரட்டினீர்களா மண்சட்டி? உங்கள் பதிவில் அது இல்லை.

மண்சட்டி
திங்கள், காலை 8.05

புரட்டவில்லை. நீன்யா சொல்லவும் இல்லை. இப்போது கேட்டேன். "அதைக்கூடவா சொல்ல வேண்டும்" என்பது போலப் பார்த்தார்.

மொன்றியல்வாசி
திங்கள், பகல் 12.30

அடுப்பங்கரை அக்காவின் பக்கமாகவும் ஒரு சொல். மசித்த கிழங்கிலும் அவர்கள் செய்கிறார்கள். 1986இல் நான் மொன்றியலுக்கு வந்தபோது குடியேறிகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர் சல்வடோர்க்காரர். அங்கே 1980இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1992 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை ஓயவில்லை. நாங்கள் எதிலிருந்து ஓடிவந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். இருவருக்கும் பொதுமொழி கிடையாது, பிரெஞ்சோ அரைகுறை. ஒருநாள் அவர் தம் வீட்டுக்கு அழைத்துப்போய், உள்ளே கையைக் காட்டி "கொசீனா" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சமையலறையைக் குசினி என்றுதான் சொல்வோம். அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், அவருடையது ஸ்பானியர் விட்டுப்போனது. இரண்டு சொல்லுக்கும் தாய் ஒன்று. அந்த ஒரு சொல்லில் தொடங்கிய பழக்கம் இன்றும் இருக்கிறது.

அன்று அவருடைய மனைவி செய்துகொண்டிருந்தது மசித்த கிழங்கு. அதிலேயே துருவிய உப்புப் பாலாடைக்கட்டியைப் பிசைந்து, எங்கள் கட்லட் போலத் தட்டி, மாவில் புரட்டி, முட்டை நுரையில் முக்கிப் பொரித்தார். தொர்த்தீத்தா என்றார்கள். ஆகவே வில்லையும் உண்டு, மசியலும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் போர்வை முட்டைதான், இரண்டும் சாற்றுக்குள்தான் போகும். கடலை மாவு எங்கேயும் இல்லை, அக்கா மன்னிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் அடைத்த உருளை என்று தேடினால் பெருவிலும் கியூபாவிலும் செய்யும் பாப்பா ரெயேனா வரும். மசித்த கிழங்குக்குள் கொத்திறைச்சியை வைத்து உருண்டையாகப் பொரிப்பது அது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் அந்தச் செய்முறையை எடுத்துக்கொண்டு தடுமாறாதீர்கள்.

அடுப்பங்கரை
திங்கள், மாலை 6.15

மொன்றியல்வாசி தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு. குசினிக் கதையை இரண்டு முறை படித்தேன். தயிர்வடை உதாரணமும் என் வாயை அடைத்துவிட்டது, அதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. இந்த வாரம் நானே செய்து பார்க்கிறேன். ஆனால் வெள்ளைக்கரு அடிப்பது எனக்கு எப்போதும் வராத வேலை. கேக்குக்கு அடித்தாலே கால்மணி நேரத்தில் நீர்த்துவிடும். யாராவது அதை விளக்கமாகச் சொல்லுங்கள்.

நுரைக்கணக்கு
திங்கள், இரவு 11.50

கோயம்புத்தூரில் பேக்கரி வைத்திருக்கிறேன், எனக்கு தினமும் முட்டையோடுதான் பிழைப்பு. ரெயேனோவைப் பார்த்ததில்லை, ஆனால் மண்சட்டி சொன்ன இரண்டு தோல்விக்கும் காரணம் தெளிவாகத் தெரிகிறது.

வெள்ளைக்கருவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் புரதம். அடிக்கும்போது சுருண்டிருந்த புரதம் விரிந்து, உள்ளே புகும் காற்றுக் குமிழைச் சுற்றி வலை பின்னுகிறது. கொழுப்பு இந்த வலையைப் பின்ன விடாது. மஞ்சள் கருவில் கொழுப்பு இருக்கிறது. ஒரு சொட்டு கலந்துவிட்டாலும், பாத்திரத்தில் நேற்றைய எண்ணெய்ப் பிசுக்கு மிச்சம் இருந்தாலும், நுரை பாதிதான் எழும்பும். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், கழுவினாலும் பிசுக்கு போகாது. எவர்சில்வர் பாத்திரத்தை எலுமிச்சைத் துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டு அடியுங்கள். முட்டையைக் குளிர்ந்த நிலையில் பிரியுங்கள், மஞ்சள் உடையாமல் வரும். பிரித்தபின் கால்மணி நேரம் வெளியே வைத்து அடியுங்கள், அதிகம் எழும்பும்.

கரண்டியைத் தூக்கினால் நுரையின் நுனி கொக்கி போல வளைந்து நிற்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்தால் விழக்கூடாது. அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். மேலும் அடித்தால் பஞ்சுப் பொட்டுகளாகத் திரிந்து அடியில் தண்ணீர் விடும், அதை மீட்க வழியில்லை. அடுப்பங்கரை அம்மாவுக்கு நீர்த்துப்போவது இதனால்தான் இருக்கும். இப்போது மஞ்சள் கருக்களை ஒவ்வொன்றாக விட்டு, மாவைத் தூவி, அடியிலிருந்து மேலே மடித்துக் கலக்க வேண்டும். சுழற்றி அடித்தால் பிடித்த காற்றெல்லாம் வெளியேறிவிடும். இரண்டாம் முறை ஆம்லெட் ஆனதற்குக் காரணம் முழு முட்டையாக அடித்தது. சரிதானே?

கழன்றதற்குக் காரணம் ஈரம். வெந்த கிழங்கின் மேல் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். எண்ணெயில் போட்டதும் அது ஆவியாகி முட்டையை உள்ளிருந்து தள்ளிவிடுகிறது. வில்லைகளைத் துணியில் பரப்பி நன்றாக உலரவிடுங்கள். மைதா அந்த மிச்ச ஈரத்தைக் குடித்துப் பசையாகி நுரையைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் 170 முதல் 175 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் ஒரு துளி நுரையை விட்டுப் பாருங்கள். உடனே மேலே வர வேண்டும், ஆனால் சட்டென்று சிவக்கக்கூடாது. சூடு குறைந்தால் நுரை எண்ணெயைக் குடித்துக் கனக்கும்.

அடித்ததைக் காத்திருக்க வைக்காதீர்கள். எண்ணெய் காய்ந்து, வில்லைகள் மாவில் புரண்டு தயாராக இருக்கும்போதுதான் முட்டையைத் தொட வேண்டும்.

மண்சட்டி
செவ்வாய், காலை 6.30

சரிதான். இரண்டாம் முறை சோம்பலில் முழு முட்டையாக அடித்தேன். இன்று வேலை முடிந்து வந்ததும் மூன்றாம் முயற்சி. சாற்றுக்கு அளவு சொல்லுங்கள், பசிபிக்கரை அண்ணா.

பசிபிக்கரை
செவ்வாய், காலை 9.20

பழுத்த தக்காளி ஆறு, பாதிப் பெரிய வெங்காயம், ஒரு சிறிய பச்சைக் குடைமிளகாய், பூண்டு இரண்டு பல். கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து அரைத்து வடிகட்டுங்கள். ஒரு கரண்டி எண்ணெயில் ஊற்றி, உப்பு, கசக்கிய ஓரிகானோ, லாரெல் இலை ஒன்று போட்டுக் கால்மணி நேரம் கொதிக்கவிடுங்கள். லாரெல் இலைக்குப் பதில் நம் பிரிஞ்சி இலையைப் போட வேண்டாம். அது வேறு மரம், வாசமும் வேறு. சாறு ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவே இருக்கட்டும், ரெயேனோ நிறையக் குடிக்கும்.

காரம் வேண்டாம். சல்வடோர்ச் சமையல் மெக்சிகோவைப் போலக் காரசாரமானது கிடையாது. மிளகாய் வேண்டியவர் மேசையில் சேர்த்துக்கொள்வார். சில வீடுகளில் "ரெலாஹோ" என்ற வறுத்த கலவையை அரைத்துவிடுவார்கள். எள், பூசணி விதை, நிலக்கடலை, காய்ந்த மிளகாய், லாரெல், ஓரிகானோ எல்லாம் சேர்ந்தது. அது முக்கியமாக வான்கோழிக் குழம்புக்கு உரியது. நீன்யாவின் சாற்றில் எள் வாசம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அவர் ஊர் எது என்று தெரியுமா?

மண்சட்டி
செவ்வாய், காலை 9.45

எள் வாசம் இல்லை. ஊர் சலாத்தேனாங்கோ. மலைப்பக்கம் என்பார்.

பசிபிக்கரை
செவ்வாய், காலை 10.10

அப்படியானால் அவர் கிழங்கு விளையும் மண்ணிலிருந்து வந்தவர். எல் சல்வடோரின் பெரும்பகுதி வெப்பமான நிலம், உருளைக்குக் குளிர் வேண்டும். வடக்கே ஹொண்டுராஸ் எல்லையை ஒட்டி, 2,730 மீட்டர் உயரமுள்ள எல் பித்தால் சிகரத்தின் பக்கத்தில் லாஸ் பீலாஸ் என்ற ஊர் இருக்கிறது. சலாத்தேனாங்கோ மாகாணம்தான். சரிவு முழுக்க முட்டைக்கோசும் உருளையும். ஒரு டிசம்பரில் போனேன், காலையில் வாயைத் திறந்தால் புகை வந்தது. அந்த நாட்டில் வேறெங்கும் எனக்கு ஸ்வெட்டர் தேவைப்படவில்லை. அங்கே விளைவது போதாமல் குவாத்தமாலாவிலிருந்தும் கிழங்கு வருகிறது.

மாவுபோல உதிரும் கிழங்கு வாங்காதீர்கள். மெல்லிய மஞ்சள் தோல் உள்ளது, வெந்தபின் வழவழப்பாக வெட்டுப்படுவது வேண்டும்.

உலர்துணி
செவ்வாய், பகல் 1.00

ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. கொண்டைக்கடலை வேகவைத்த நீரும் நுரைக்கும் என்கிறார்களே, அதில் செய்யலாமா?

நுரைக்கணக்கு
செவ்வாய், பகல் 2.40

நுரைக்கும். ஆனால் சூடான எண்ணெயில் முட்டை இறுகுவது போல அது இறுகாது, கரைந்து ஓடிவிடும். மாவைக் கூட்டினால் பஜ்ஜியாகிவிடும். வெந்த கிழங்கையும் உருகும் பாலாடைக்கட்டியையும் தோசைக்கல்லில் வாட்டி அதே தக்காளிச் சாற்றை ஊற்றிச் சாப்பிடுங்கள். நன்றாகவே இருக்கும். அதற்கு ரெயேனோ என்ற பெயர் மட்டும் பொருந்தாது.

மண்சட்டி
செவ்வாய், இரவு 10.15

மூன்றாம் முறை வந்துவிட்டது. கை நடுக்கம் நிற்பதற்குள் எழுதுகிறேன்.

வில்லைகளை ஒருமணி நேரம் துணியில் பரப்பியிருந்தேன். மேலே தொட்டால் தோல் கட்டியது போல வறண்டிருந்தது. மொசரெல்லாவை வில்லையின் அளவுக்கே வெட்டினேன், அது தவறு. முதல் இரண்டில் ஓரம் வழியே ஒழுகி எண்ணெயில் வெடித்தது, கையில் ஒரு பொட்டுப் பட்டுவிட்டது. பிறகு சுற்றிலும் அரைவிரல் இடம் விட்டு உள்ளே வைத்து, இரண்டு வில்லையையும் ஓரத்தில் அழுத்தினேன். அதன்பின் ஒழுகவில்லை.

வெள்ளைக்கரு ஏழு நிமிடத்தில் கொக்கி நின்றது. மஞ்சள் கருவை மடித்ததும் வெள்ளை நுரை சாமந்தி நிறத்துக்கு மாறியது. மாவில் புரட்டிய வில்லையை அதில் அமிழ்த்தி, இரண்டு கரண்டியால் மேலேயும் நுரை போர்த்தி எடுத்தேன். வில்லையே தெரியவில்லை, பஞ்சுப் பொதி போல இருந்தது. எண்ணெயில் இறக்கியதும் அடிப்பக்கம் பாவாடை போலக் கொஞ்சம் விரிந்து, உடனே நின்றுவிட்டது. கழலவில்லை. அகப்பையால் எண்ணெயை அள்ளி மேலே விட்டுக்கொண்டே இருந்தேன். ஓரங்கள் முதலில் பொன்னிறமானது, மெல்லத் திருப்பினேன், அந்தப் பக்கமும் அப்படியே. ஒரு தடவைக்கு மூன்றுக்கு மேல் போடவில்லை. மொத்தம் எட்டு, நல்லபடி வந்தவை ஆறு.

சாறு அகலமான சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆறையும் இறக்கிச் சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்தேன். ஒவ்வொன்றும் கண்ணெதிரே ஊதிப் பெருத்தது, சாறு பாதியாகக் குறைந்தது. கரண்டியால் ஒன்றை வெட்டினேன். மேல்தோல் சிவந்து ஊறி, அதற்குள்ளே மஞ்சள் பஞ்சு, அதற்கும் உள்ளே வெள்ளைக் கிழங்கு. பாலாடைக்கட்டி நூலாக நீண்டு கரண்டியோடு வந்தது. உப்புதான் குறைந்துவிட்டது, கிழங்கு வேகும் நீரில் போட மறந்துவிட்டேன்.

இதை நீன்யாவுக்குக் கொண்டுபோகவில்லை. இரவாகிவிட்டது, உப்பும் சரியில்லை. வெள்ளிக்கிழமை திருத்தமாகச் செய்து கொண்டுபோகிறேன்.

பசிபிக்கரை
புதன், காலை 7.00

மண்சட்டி, சாமந்தி நிறம் என்று எழுதியதைப் படித்ததும் அந்தக் கடையின் பின்பக்கம் கண்ணில் வந்துவிட்டது. மிக்க மகிழ்ச்சி.

இந்த முட்டைப் போர்வை கைவந்துவிட்டால் பாதிச் சமையல் கைவந்த மாதிரி. அதே முறையில் எஹோத்தே, அதாவது பீன்ஸ், கட்டுக்கட்டாக அடுக்கி முக்குவார்கள். காலிஃபிளவர் உண்டு. பக்காயா என்ற பனைவகை மரத்தின் விரியாத பூங்கொத்து உண்டு, பாகற்காயை விரும்புகிறவர்களுக்குப் பிடிக்கும், அவ்வளவு கசப்பு. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் வீடு தவறாமல் கருவாட்டை ஊறவைத்து உப்பெடுத்து, இதே நுரையில் முக்கி, கொண்டைக்கடலையோடு தக்காளிச் சாற்றில் போடுவார்கள். எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமானது குவிஸ்கில். நம் சந்தையில் சௌசௌ என்று வாங்குகிறோமே, அதேதான். அது பிறந்த மண் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும், பெயரும் அங்கத்திய நாவாட்டல் மொழியிலிருந்து வந்தது. தக்காளியைப் பயிராக்கியதும் அந்தப் பக்கம்தான், "டொமாட்டோ" என்ற பெயரும் அதே மொழியிலிருந்துதான்.

நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த ரெயேனோவில் உள்ளூர்க்காரர்கள் தக்காளியும் குடைமிளகாயும்தான். கோழிமுட்டையும் பாலாடைக்கட்டியும் ஸ்பானியர் கப்பலில் வந்தவை. நுரையில் முக்கிப் பொரிக்கும் பழக்கமும் அவர்களோடு வந்ததுதான். உருளையோ தெற்கே ஆண்டிஸ் மலையின் பயிர். யார் யாரோ கொண்டுவந்ததை ஒரு சட்டியில் போட்டு அந்தப் பெண்கள் தங்களுடையதாக ஆக்கியிருக்கிறார்கள். 2005இல் அரசு புபூசாவை தேசிய உணவாக அறிவித்தது, நவம்பர் இரண்டாம் ஞாயிறு அதற்கான நாள். நியாயம்தான், ஆனால் வீட்டுச் சமையல் என்று கேட்டால் நான் ரெயேனோவைத்தான் சொல்வேன். புபூசாவைத் தெருமுனையில் வாங்கிவிடலாம். ரெயேனோவுக்கு யாராவது ஒருவர் அடுப்பருகே ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும்.

அடுப்பங்கரை
வியாழன், மாலை 7.30

செய்துவிட்டேன். வில்லையாக நறுக்கித்தான். சாற்றைத் தாளிக்கும்போது கை தானாகவே கறிவேப்பிலைக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். ஓரிகானோ வாசம் முதலில் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, சாறு கொதித்து அடங்கியதும் பிடித்துவிட்டது. ஒன்றைச் சாற்றில் போடாமல் மொறுமொறுப்பாகத் தின்று பார்த்தேன். பசிபிக்கரை சொன்னது உண்மை. போண்டாவுக்கு உள்ள மொறுமொறுப்பு இதற்கு வராது, அது இதன் வேலையும் இல்லை.

என் பங்குக்கு ஒரு குறிப்பு. மீந்ததைச் சாற்றோடு சேர்த்து ஃப்ரிஜ்ஜில் வைத்தேன், மறுநாள் கூழாகிவிட்டது. பொரித்ததைத் தனியாகவும் சாற்றைத் தனியாகவும் வைத்து, சாப்பிடும் நேரத்தில் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். சௌசௌவிலும் செய்தேன். கிழங்கைவிட அதற்கு ஈரம் அதிகம், துணியில் ஒற்றி எடுத்தும் ஒன்று கழன்றது. உப்பு தூவிப் பத்து நிமிடம் சாய்த்து வைத்து நீரை வடித்த பிறகு சரியாக வந்தது.

மண்சட்டி
வெள்ளி, இரவு 9.05

இன்று கொண்டுபோனேன். அவர் தந்த கிண்ணமே என்னிடம் இருந்தது, அதிலேயே நான்கு ரெயேனோ. தனியாகச் சோறு. கோசும் கேரட்டும் காடியில் ஊறவைத்த குர்த்தீதோவை அவருடைய மகள் எடுத்துவைத்தாள்.

நீன்யாவுக்கு இடது கையால் கரண்டி பிடிக்க இன்னும் பழகவில்லை. ரெயேனோ கத்தி கேட்காது, கரண்டி விளிம்பு பட்டாலே வெட்டுப்படும். அதனால் யாரும் ஊட்டிவிட வேண்டியிருக்கவில்லை. முதல் வாயை எடுத்து வெகுநேரம் மென்றார். நான் உப்பைக் கேட்டேன். உப்பு சரி என்றார். லாரெல் இலை ஒன்று அதிகம் என்றார், நான் இரண்டு போட்டிருந்தேன், எப்படித் தெரிந்ததோ. பாவாடை போல ஓரத்தில் விரிந்த முட்டையைக் காட்டி, எண்ணெயில் இறக்கியதும் கரண்டியால் அதை உள்ளே ஒதுக்கிவிட வேண்டும் என்று வெறுங்கையால் காற்றில் செய்துகாட்டினார். இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதைத் தொர்த்தியாவில் வைத்து மடித்து, இரவுக்கு என்று மூடி வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது ஃப்ரிஜ்ஜைத் திறக்கச் சொன்னார். அடித்தட்டில் மூன்று குவிஸ்கில் இருந்தது. எடுத்துக்கொண்டு போ, செவ்வாய்க்கிழமை கொண்டுவா என்றார். அடுப்பங்கரை அக்கா, உப்பு தூவிச் சாய்த்து வைப்பது வெந்தபிறகா, வேகுமுன்பா?

அடுப்பங்கரை
வெள்ளி, இரவு 9.20

வெந்து ஆறியபிறகு, வில்லை போட்டபின். தோலைச் சீவும்போது பால் விட்டுக் கை பிசுபிசுக்கும், தண்ணீருக்கு அடியில் பிடித்துச் சீவுங்கள்.